சொல்லக் கூசும் வலி... சொல்லியே தீர வேண்டிய வலி!

அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வெளிநோயாளிகள் பிரிவு. திங்கட்கிழமை என்பதால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. அறுபதை நெருங்கும் ஒருவர் உள்ளே வருகிறார். வாழ்நாள் முழுக்க மூட்டை சுமந்த தோள்கள் அவருக்கு.

“என்ன பண்ணுது ஐயா?”

“வயிறு ஒரு மாதிரியா இருக்கு சார்.”

படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்க்கிறார் டாக்டர். அங்கே ஒன்றும் இல்லை. “எழுந்து நில்லுங்க. வேட்டியைக் கொஞ்சம் தளர்த்துங்க” என்றபடி திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். பெரியவரின் கை வேட்டி முடிச்சிலேயே நிற்கிறது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. “முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு ஒரு தடவை இருமுங்க.”

இருமுகிறார். வலது தொடை மடிப்புக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில் ஒரு புடைப்பு எழுந்து டாக்டரின் விரல் நுனியைத் தள்ளுகிறது. மறுபடி படுத்ததும் ‘களக்’ என்ற மெல்லிய சத்தத்தோடு அது உள்ளே போய்விடுகிறது. குடல்!

“எவ்வளவு நாளா இருக்கு?”

“மூணு வருஷம் இருக்கும் சார்...”

திரைக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவிக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. “மூணு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!”

தமிழ்நாட்டில் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். தலைவலி என்றால் தெருவுக்கே சொல்கிற நாம், தொடை இடுக்கில் ஒரு வலி, ஒரு கட்டி, ஓர் அரிப்பு என்றால் வாயைத் திறப்பதில்லை. டாக்டரிடம் போனாலும் ‘வயிறு’, ‘இடுப்பு’, ‘கால்’ என்று சுற்றி வளைக்கிறோம். இந்த மௌனத்துக்குச் சிலர் குடலின் ஒரு பகுதியை இழக்கிறார்கள். சில பையன்கள் ஒரு விரையை இழக்கிறார்கள். சிலருக்கு உயிரே போகிறது. இவற்றில் பெரும்பாலானவை, நேரத்துக்கு வாய் திறந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்புகள்.

எல்லாப் பாதையும் சேரும் ஜங்ஷன்

இடுப்பின் முன்பக்கத்தில் இரு புறமும் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து, நடுவே பிறப்புறுப்புக்கு மேல் இருக்கும் எலும்பு வரை ஒரு நார்ப்பட்டை சரிவாக ஓடுகிறது. வயிறு முடிந்து கால் தொடங்கும் எல்லை அதுதான். ரயில்களுக்கு விழுப்புரம் எப்படியோ, உடம்புக்கு இந்த இடம் அப்படி. மேலிருந்து கீழே போகிற எதுவும் இதைத் தொடாமல் போக முடியாது.

பட்டைக்குக் கீழே, தொடையின் தொடக்கத்தில், வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக நரம்பு, தமனி, சிரை என்று மூன்றும் வரிசையாக இறங்குகின்றன. தொடை மடிப்பின் நடுப்பகுதியில் இரண்டு விரலை வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் துடிப்பு தெரியும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி அது. சிரைக்கும் உட்புறமாக ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதைச் சுற்றிலும் நிணநீர்க் கணுக்கள். பட்டைக்கு மேலே, அடிவயிற்றுச் சுவருக்குள், சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் சாய்வாக ஒரு குழாய்ப்பாதை. அந்தப் பெரியவரின் குடல் எட்டிப் பார்த்தது இந்தப் பாதை வழியாகத்தான்.

குடல் ஏன் இறங்குகிறது?

ஆண் சிசுவின் விரைகள் முதலில் உருவாவது விரைப்பையில் இல்லை. வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் உருவாகி, கர்ப்பத்தின் ஏழாவது மாத வாக்கில் இந்தக் குழாய்ப்பாதை வழியாகக் கீழே இறங்குகின்றன. அப்போது வயிற்றின் உள்சவ்வும் ஒரு பையாக நீண்டு கூடவே வரும். பிறப்பை ஒட்டிய காலத்தில் அந்தப் பை தூர்ந்துபோக வேண்டும். சிலருக்குத் தூர்வதில்லை. குழந்தை வீறிட்டு அழும்போது அடிவயிற்றோரம் புடைப்பது இதனால்தான். வலது விரை சற்றுத் தாமதமாக இறங்குவதால், குடலிறக்கமும் வலப்பக்கத்தில்தான் அதிகம்.

பை தூர்ந்தாலும் பாதை இருக்கத்தான் செய்கிறது. வயது ஏற ஏற வயிற்றுச் சுவர் தளரும். அதன்மேல் உள்ளிருந்து அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தால் ஒருநாள் வழிவிட்டுவிடும். மூட்டை தூக்குவது மட்டும் காரணமில்லை. பீடியால் வந்த தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீருக்குத் திணறுவது என்று எல்லாமே அந்தச் சுவரை இடிக்கின்றன. இருமலையும் சிறுநீர்த் தடையையும் விசாரிக்காமல் குடலிறக்கத்துக்கு மட்டும் தையல் போட்டு அனுப்புவது பாதி வைத்தியம்தான்.

நூறு ஆண்களில் சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு. உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. இவ்வளவு சாதாரணமான ஒன்றை ஏதோ ஒழுக்கக் குறைபாடு மாதிரி மறைக்கிறோம்.

மறைப்பவர்கள் முதலில் நாடுவது பெல்ட்டை. மருந்துக் கடையிலோ சர்ஜிகல் கடையிலோ யாரிடமும் காட்டாமல் வாங்கிவிடலாம். குடலை உள்ளே தள்ளி, மேலே பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். பெல்ட் ஓட்டையை அடைக்காது. கழற்றிய அடுத்த நிமிடம் குடல் மறுபடி இறங்கும். குடல் முழுதாக உள்ளே போகாதபோது பெல்ட்டை இறுக்கினால் குடலே நசுங்கும்.

இறங்கிய குடல் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும்போதுதான் ஆபத்து. வாசலின் விளிம்பு இறுக்க, குடல் வீங்கும். வீங்கியதால் இறுக்கம் கூடும். ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் அந்தக் குடல் பகுதி கருத்து அழுகத் தொடங்கும். திட்டமிட்டுச் செய்திருந்தால் மறுநாளே வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய ஆளுக்கு, நள்ளிரவில் வயிற்றைத் திறந்து குடலை வெட்டி இணைக்க வேண்டிவரும்.

அதற்காக எல்லோரும் நாளைக்கே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டியதில்லை. தொந்தரவு அதிகம் இல்லாத 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2006-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்யாமல் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குடல் திடீரென மாட்டிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. ஆனால், அவர்களிலும் பத்து ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் வலி கூடி ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். காத்திருக்கலாம், டாக்டருக்குத் தெரிந்து. மூன்று வருஷம் மனைவிக்கும் தெரியாமல் வேட்டிக்குள் வைத்திருப்பது அந்தக் கணக்கில் சேராது.

━━━━━━━━━━━━━━━
எப்போது உடனே ஓட வேண்டும்?

* வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு, படுத்தும் போகவில்லை. தொட்டால் கல் மாதிரி, உயிர்போகும் வலி.
* கூடவே வாந்தி, வயிறு உப்புசம், மலமும் காற்றும் வெளியேறவில்லை.
* புடைப்பின் மேல் தோல் சிவந்தோ கருத்தோ போகிறது.

இதில் எது வந்தாலும் வீட்டில் வைத்து அழுத்தித் தள்ளாதீர்கள். சாப்பாடு, தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.
━━━━━━━━━━━━━━━

சேலைக்குள் மறைந்துபோகும் கட்டி

குடலிறக்கம் என்றாலே ஆண்கள் சமாசாரம் என்று நினைக்கிறோம். எண்ணிக்கையில் அது உண்மை, ஆபத்தில் இல்லை. சிரைக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி என்று சொன்னோம் அல்லவா? அதன் வழியாக இறங்கும் ‘ஃபெமோரல்’ வகைக் குடலிறக்கம் பெண்களுக்கே அதிகம், குறிப்பாக மெலிந்த, வயதான பெண்களுக்கு. அந்த வாசல் மிகக் குறுகல், விளிம்புகள் விறைப்பானவை. அதனால் இந்த வகையில்தான் குடல் நெரிபடும் அபாயம் மிக அதிகம்.

கட்டி சுண்டைக்காய் அளவுகூட இருக்கலாம். அந்தப் பாட்டிக்கே தெரியாது. தெரிந்தாலும் யாரிடம் சொல்வாள்? இரண்டு நாளாக வாந்தி, வயிறு ஊதிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வயிற்றை எக்ஸ்ரே எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். சேலையை இறக்கித் தொடை மடிப்பைப் பார்க்க யாருக்கும் தோன்றாவிட்டால், காரணம் அங்கேயே இருந்தும் நேரம் கைநழுவும். வாந்தியோடு வயிறு வீங்கி வரும் எந்த நோயாளிக்கும் இரண்டு தொடை இடுக்குகளையும் பார்த்தாக வேண்டும் என்பது அறுவை சிகிச்சையின் பால பாடம். அடிவயிற்றோரக் குடலிறக்கம் உள்ள பெண்களைக் காத்திருக்கவைக்காமல் சீக்கிரமே ஆபரேஷன் செய்யுங்கள் என்று 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்வதும் இதனால்தான். நம் வீட்டுப் பெண்கள் கேட்டு வாங்க வேண்டிய சிகிச்சை இது.

கொசுவலை தைத்த வாழ்க்கைகள்

இத்தாலியின் படுவா நகரத்து அறுவை மருத்துவர் எடோர்டோ பாசினி, 1880-களில் குடல் இறங்கும் வயிற்றுச் சுவரை அடுக்கடுக்காகத் தைத்து மூடும் முறையைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகள் உலகம் அதைத்தான் பின்பற்றியது. தளர்ந்த தசையை இழுத்துத் தைப்பதால் தையல் விடுவதும், குடல் மறுபடி இறங்குவதும் இருந்தன. 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸின் இர்விங் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் மேலே ஒரு செயற்கை வலையை ஒட்டுப்போடும் முறையைப் பரப்பினார். திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. வலையின் விலைதான் ஏழைக்கு எட்டவில்லை.

இங்கே வருகிறது நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு பெயர். மகாராஷ்டிராவின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் டோங்கவோன்கர், கொசுவலைத் துணியையே வெட்டி, கிருமிநீக்கம் செய்து நோயாளிகளுக்கு வைத்தார். சக கிராமப்புற மருத்துவர்களோடு சேர்ந்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. சுமார் 1 டாலர் கொசுவலைக்கும் 125 டாலர் கம்பெனி வலைக்கும் ஓராண்டு முடிவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஏழை நாட்டின் கிராமத்து டாக்டர் ஒருவர் யோசித்தது உலகத்தின் முன்னணி மருத்துவ இதழ் வரை போய் நிலைநின்றது.

நம் அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷனுக்குக் கட்டணம் இல்லை. தினக்கூலிக்காரருக்குப் பயமெல்லாம் செலவைவிட, ‘எத்தனை நாள் வேலை போகும்?’ என்பதில்தான். மாதக்கணக்கில் படுக்கச் சொன்ன காலம் மலையேறிவிட்டது. வலி அனுமதிக்கும் அளவில் சில நாட்களிலேயே நடமாட்டம், அன்றாட வேலைகள் எல்லாம் செய்யலாம். பெரிய சுமைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நூறில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் அந்த இடத்தில் வலி நீடிக்கிறது. அங்கே ஓடும் மெல்லிய நரம்புகள் பாதிக்கப்படுவது ஒரு முக்கியக் காரணம். கையெழுத்துப் போடும் முன் இதையும் கேளுங்கள்.

பையன் ‘வயிறு வலி’ என்றால்...

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன். நடுராத்திரி திடீரென விழித்து, சுருண்டு படுத்து, “அம்மா, வயிறு வலிக்குது” என்கிறான். ஒரு தடவை வாந்தி. அம்மா ஓமத்தண்ணி கொடுக்கிறாள். அப்பா, “நேத்து சாப்பிட்ட பரோட்டாதான்” என்கிறார். விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

அவனுக்கு வலிப்பது விரையில். அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? விரையைத் தாங்கும் ரத்தக்குழாய்த் தண்டு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டுவிட்டது. ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்தால் பத்தில் ஒன்பது விரைகளைக் காப்பாற்றலாம். பன்னிரண்டு மணி நேரம் ஆனால் பாதிக்குப் பாதி. ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். இரவில் தொடங்கும் வலிக்கு, ‘விடியட்டும்’ என்ற ஒரு சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது.

இந்த முறுக்கு விளையாடும்போது அடிபட்டும் வரலாம். ஒரு காரணமும் இல்லாமல் தூக்கத்திலும் வரலாம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள்தான் அதிகம். சில பையன்களுக்கு இதற்கு முன்பே ஓரிரு தடவை வந்து தானாகவே சரியாகியிருக்கும். அப்போதும் சொல்லியிருக்க மாட்டார்கள். பையன் அடிவயிற்று வலி என்றால், “கீழே வலிக்குதாடா?” என்று அப்பாவோ மாமாவோ தாத்தாவோ தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேட்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு மாதவிடாய் பற்றி இப்போது பள்ளிகளில் பேசுகிறோம், நல்லது. இந்த ஆறு மணி நேரத்தைப் பற்றிப் பையன்களிடம் யார் பேசுவது? உடற்கல்வி ஆசிரியர் பேசினால் பத்து நிமிட வேலை.

கைக்குழந்தை விஷயத்தில் நம் பாட்டிகள் நம்மைவிடக் கெட்டி. காலில் போட்டுக் குளிப்பாட்டும்போதே, “இவனுக்கு ஒரு பக்கம் வெறும் பையா இருக்கே?” என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூறில் மூவருக்கு விரை இறங்கியிருக்காது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று விட்டால், பிற்காலத்தில் குழந்தைப் பேற்றுக்குச் சிக்கல், புற்றுநோய் அபாயமும் கூடுதல்.

━━━━━━━━━━━━━━━
நெறி கட்டினால் காலைப் பாருங்கள்

காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். கால், பிறப்புறுப்பு, ஆசனவாய், தொப்புளுக்குக் கீழுள்ள தோல் ஆகியவற்றின் நிணநீர் இங்குள்ள கணுக்களுக்குத்தான் வந்து சேருகிறது. சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், புண் வலிக்காது. சில நேரம் நெறிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கு வரை பாருங்கள். யானைக்கால் நோயிலும் பால்வினை நோய்களிலும் இதே கணுக்கள் வீங்கும். வலியே இல்லாமல், கெட்டியாக, இரண்டு மூன்று வாரம் கடந்தும் கரையாத கட்டியை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.
━━━━━━━━━━━━━━━

ஒரு டியூப் க்ரீம் செய்த வேலை

சொல்லக் கூசுவதால் கொழிக்கும் இன்னொரு வியாபாரம், படர்தாமரை க்ரீம். வெக்கை, வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ், காயாத உள்ளாடை எல்லாம் சேர்ந்து தொடை இடுக்கைப் பூஞ்சையின் சொந்த ஊராக்கிவிடுகின்றன. கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, “அரிப்புக்கு ஏதாவது குடுங்கண்ணே” என்கிறோம். கையில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கூட்டு க்ரீம். இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் போய்விடும். பூஞ்சை போகாது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத்தான் அடக்குகிறது. அதன் மறைவில் பூஞ்சை படர்கிறது. நிறுத்தினால் இரட்டிப்பாக வரும். மறுபடி அதே டியூப். மாதங்கள் போனால் தொடையின் தோல் மெலிந்து, வரிவரியாகக் கிழிந்த தழும்புகள் விழும். பூஞ்சை தீர்ந்தாலும் அந்த வரிகள் போகாது.

சீட்டில்லாமல் இந்த க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. விற்பனை நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்கிடையே, வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்குப் பெரும்பாலும் மசியாத ஒரு பூஞ்சை நம் துணைக்கண்டத்தில் பெருகிவிட்டது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். 2023-ல் நியூயார்க்கில் இருவருக்கு அது இருப்பது அறிவிக்கப்பட்டது. தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டி, சொன்ன வாரக் கணக்கு முடியும்வரை மருந்து போட்டு, வீட்டில் அரிப்புள்ள எல்லோருக்கும் சேர்த்து சிகிச்சை எடுத்தால்தான் இது ஒழியும். ஒரே துண்டை நான்கு பேர் பயன்படுத்துவதையும் நிறுத்த வேண்டும்.

கொம்பு பட்ட இடம்

தொடைத் தமனி கிழிந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். ஸ்பெயினின் புகழ்பெற்ற காளைச்சண்டை வீரர் மனோலேட்டே 1947 ஆகஸ்டில் லினாரஸ் ஊரில் மேல்தொடையில்தான் குத்துப்பட்டார். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். நம் வாடிவாசல்களில் மாடுபிடி வீரர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் நிற்கும் உயரத்துக்குக் கொம்பு எங்கே பாயும் என்று சொல்லத் தேவையில்லை. பைக் விபத்தில் ஹேண்டில்பார் முனை குத்துவதும் இதே இடத்தில்தான். முழங்காலுக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டுவது இங்கே உதவாது. காயம் கட்டுக்கும் மேலே இருக்கிறது. படுக்கவைத்து, சுத்தமான துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து, இரண்டு கையாலும் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். துணி நனைந்தால் எடுத்துப் பார்க்கக் கூடாது. மேலேயே இன்னொரு துணி. ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கக் கூடாது. ஜனவரிக்கு முன் ஒவ்வொரு ஜல்லிக்கட்டுக் கமிட்டியும் தன் தொண்டர்களுக்கு இதைப் பழக்க வேண்டும்.

தொடுவதற்கு முன் கேளுங்கள்

கூச்சம் முழுக்க நோயாளியின் குற்றம் இல்லை. 1897-ல் புனேயில் பிளேக் பரவியபோது, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். ஆண் பெண் பாராமல் பலர் பார்க்க உடைகளை விலக்கிச் சோதித்ததாக ஊரே கொதித்தது. அந்த ஜூன் 22-ம் தேதி இரவு பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். மருத்துவக் காரணம் சரியானதுதான். பிளேக் நெறி பெரும்பாலும் தொடை இடுக்கிலும் அக்குளிலும்தான் வரும். ஆனால், சோதித்த விதத்தை மக்கள் மன்னிக்கவில்லை.

இன்றும் பல வெளிநோயாளிகள் பிரிவுகளில் திரைச்சீலைக் கம்பி இருக்கிறது, சீலை இல்லை. ஒரே மேசையைச் சுற்றி நான்கு நோயாளிகள் நிற்கிறார்கள். பின்னால் நிற்பவர் காதில் விழும்படி, “எங்க அரிக்குது?” என்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அந்தரங்கமும் கண்ணியமும் உரிமைகளாகவே இடம்பெற்றிருக்கின்றன. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். “சிஸ்டர் ஒருத்தரைக் கூப்பிடுங்க டாக்டர்”, “அந்த ஸ்கிரீனை இழுத்துவிடுங்க” என்று நீங்கள் கேட்கலாம். கேட்ட பிறகு, வலி எங்கே என்பதை வயிறு, கால் என்று மாற்றாமல் விரலை வைத்தே காட்டுங்கள்.